பின்சுவரில் முருகன் வந்த பிறகு

"ஆம்பளப் புள்ள இல்லாத வீடு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, ஆம்பளைங்க வார்டுல இந்தப் படிச்ச புள்ளயா வந்து நிக்கப் போவுது?"

என் சித்தப்பா என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படிக்கப் பணம் கட்டியிருந்த நேரம். சித்தப்பா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பு யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பெண் பிள்ளையின் படிப்பு எதற்கு உதவும் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அப்பா பீடியைத் தரையில் நசுக்கிவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போடா" என்றார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் நடந்தது இது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டெல்லியில் மயூர் விஹார் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், பெரிய சாக்கடையை ஒட்டிய குடிசைப் பகுதியில் இருந்தோம். எங்கள் சந்தில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள். அந்த அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில் செங்கல் சுமக்க வந்தவர் அப்பா. முட்டி தேய்ந்து சுமை தூக்க முடியாமல் போனதும், தான் கல் சுமந்த ஒரு குடியிருப்பிலேயே கேட்டில் காவல்காரராகச் சேர்ந்தார். அம்மா அதே குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். நான் அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் படித்து, லட்சுமி நகரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் கணினியில் முகவரி ஏற்றும் வேலையில் இருந்தேன். ரேஷன் அட்டைக்கு மனு எழுத, கரண்ட் பில்லைப் படித்துச் சொல்ல, சந்தில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அதில் பெருமைதான். அப்பாவுக்கு என்னைவிட அதிகம். கேட்டைத் திறந்துவிடும்போது காரில் போகிறவர்களிடம் எல்லாம், "மேரா பேட்டி கம்ப்யூட்டர்", என் மகள் கம்ப்யூட்டர், என்பார். ஹிந்தியில் மகனுக்குத்தான் 'மேரா', மகளுக்கு 'மேரீ' போட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்டதில்லை.

அப்பாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு வருடமாகவே அடிக்கடி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். போனால் திரும்ப வெகு நேரமாகும். அம்மா இதற்கு வைத்திருந்த ஒரே விளக்கம் சூடு. கேட்டில் வெயிலில் நிற்கிற சூடு, பீடிச் சூடு, டெல்லிக் கோதுமையின் சூடு. நீர்க்கடுப்புக்கு எங்கள் ஊரில் செய்வதுபோல இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு தடவிவிடுவார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார். அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணப் பெண்ணுக்கு நலுங்கு வைப்பதுபோல இருக்கிறது என்று நான் கேலி செய்ததும் உண்டு.

அப்பா வேலை பார்த்த குடியிருப்பில் காவல்காரருக்கென்று கழிப்பறை இல்லை. வீடுகளுக்குள் போய்க் கேட்க முடியாது. அங்கிருந்த எல்லாக் காவல்காரர்களையும்போல அப்பாவும் கட்டடத்தின் பின்சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். சங்கத்தில் உடனே ஒரு முடிவு எடுத்தார்கள். டெல்லியில் சுவர் நனைகிற இடத்தில் எல்லாம் செய்வதுதான். சாமி படம் போட்ட டைல்ஸை இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பதிப்பது. சிவன், துர்க்கை, சாய்பாபா, குருநானக், சிலுவை, மெக்கா என்று எல்லோரும் சுவரில் வந்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் சில இருந்ததால் மயிலோடு ஒரு முருகனும் வந்தார். சிமெண்ட் குழைத்துக் கொடுத்து உதவியதே அப்பாதான்.

அன்று வீட்டுக்கு வந்து, "நம்ம முருகன் டெல்லிச் செவுத்துக்கு வந்துட்டாரு பாப்பா" என்று சொன்னார். சந்தோஷமாகச் சொல்வதாகத்தான் எனக்குத் தோன்றியது. கூடவே, இனிமேல் தனக்கு டீ வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஜனவரி மாதம். பனியில் எதிரே வரும் ஆள் தெரியாது. காவல்காரர்கள் எல்லாம் அட்டைப் பெட்டியைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டு, குவளை குவளையாக டீ குடிக்கிற காலம். அப்பா தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் சொல்லி ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு வேலை முடிந்து வரும்போது ஆள் பாதியாக வளைந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை. கட்டிலில் சாய்ந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குதே" என்று சொல்லி, ஓடிப்போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தார். இரண்டு நகத்துக்கும் தடவினார். அது உதவாதபோது பத்து விரலுக்கும் தடவினார்.

நான் ஆட்டோ பிடித்து வந்தேன். பக்கத்தில் இருந்த சிறிய நர்சிங் ஹோமுக்குப் போனோம். குழாய் வைத்ததும் பை நிரம்பிக்கொண்டே போனது. அப்பா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அழுதாரா, குளிரில் கண்ணில் நீர் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த மருத்துவர், பிராஸ்டேட் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், நாளை காலைக்குள் முன்பணம் கட்டுங்கள் என்றார். அவர் சொன்ன தொகை, அம்மா மூன்று வீட்டில் ஒரு வருடம் முழுக்கத் தேய்த்தாலும் வராது. நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டேன். "எழுதி என்ன பண்ணுவே?" என்றார். "படிப்பேன்" என்றேன். எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் போனோம். மூத்திரப் பையை லுங்கிக்குள் மறைத்துக் கட்டி, மேலே என் சால்வையைப் போர்த்தி அப்பாவைக் கூட்டிப் போனேன். அம்மாவும் வந்தார். ஆனால் ஆண்கள் பகுதி வாசலில் இருந்த காவலாளி, நோயாளியோடு ஒருவர்தான் போகலாம் என்றார். ஹிந்தி பேசத் தெரிந்தவள் நான் என்பதால் நான் உள்ளே போனேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அப்பா வயது ஆண்கள். கூட வந்தவர்களும் மகன்கள், மருமகன்கள். பெண் என்று நான் ஒருத்திதான். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. என் பயம் எல்லாம் மருத்துவரைப் பார்க்கும் சீட்டுத் தீர்ந்துவிடக் கூடாது என்பதில்தான்.

மருத்துவர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகத்தான் இருந்தார். அப்பாவின் காலைப் பார்த்து, "யே க்யா பெயிண்ட் ஹை?", இது என்ன பெயிண்டா, என்று கேட்டார். சுண்ணாம்பு என்றும், எங்கள் வைத்தியம் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேள்விகளை ஆரம்பித்தார். எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு, போக வேண்டும் என்று தோன்றினால் அடக்க முடிகிறதா, உடனே வருகிறதா, நின்று நின்று வருகிறதா, உடுப்பு நனைகிறதா.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு பாப்பா" என்றார். அடுத்த கேள்விக்கும் அதே பதில். அதற்கு அடுத்ததற்கும்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ஒன்றும் இல்லாத மனிதருக்கு இது எதற்கு என்பதுபோல. அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும். நேற்றுத்தான் முதல்முறை அடைத்தது என்றால் குழாயை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். நாள்பட்டது என்றால் வேறு சோதனைகள் உண்டு, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த முறை கொண்டு வரும்போது சிறுநீரகம் கெட்டுப் போயிருக்கலாம்.

அப்பாவிடம் அதையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து என் முன்னால் சட்டை இல்லாமல் உட்காராத மனிதர். எனக்கு மூன்று மொழி தெரியும். 'உடுப்பு நனைகிறதா' என்பதை என் அப்பாவிடம் கேட்கும் விதம் அந்த மூன்றிலும் இல்லை.

எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட விஷயம் எதுவும் நேராகப் போகாது. எனக்கு வயிற்றுவலி என்றால் நான் அம்மாவிடம் சொல்வேன், அம்மா அப்பாவிடம் சொல்வார், அப்பா மாத்திரை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுப்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது சட்டென்று ஞாபகம் வந்தது. மருத்துவரிடம், "என் அம்மா வெளியில் நிற்கிறார். அவருக்கு ஹிந்தி சரியாக வராது. ஆனால் அவர் இல்லாமல் அப்பா பேசமாட்டார்" என்றேன். வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் எழுந்து, தானே வாசல் வரை போய்க் காவலாளியிடம் சொல்லி அம்மாவை உள்ளே விடச் செய்தார். எனக்கு ஒரு ஸ்டூலைத் திருப்பிப் போட்டார், நான் சுவரைப் பார்த்து உட்காரும்படி.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வேடிக்கையான தபால் சேவை. மருத்துவர் ஹிந்தியில் என்னிடம் கேட்பார். நான் சுவரைப் பார்த்து அம்மாவிடம் தமிழில் சொல்வேன். அம்மா அப்பாவின் காதருகே குனிந்து, தன் பாஷையில் கேட்பார். அப்பா முனகுவார். அம்மா என்னிடம் சொல்வார். நான் ஹிந்தியில் மருத்துவரிடம் சொல்வேன்.

ஒரு வருடத் தொந்தரவு அப்படியே கொட்டியது. வெளியே எங்காவது போனால் பேருந்தில் பாதி வழியில் இறங்கிவிடுவது, நடந்து வருவது, துணி நனைந்தால் குழாயடியில் அலசி ஈரத்தோடு உடுத்திக்கொள்வது எல்லாம். பேருந்துக் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மருத்துவர் ஒரு கேள்வியை ஆரம்பித்துவிட்டுத் தயங்கினார். கணவன் மனைவி சம்பந்தப்பட்டது. நான் தமிழில் சொல்வதற்கு முன்பே, மருத்துவர் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் முடிஞ்சுபோன கதைன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.

நான் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார் என்று அம்மா பிறகு சொன்னார்.

கடைசியாக மருத்துவர் கேட்டார், இந்த இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது மாறியதா, நீண்ட நேரம் அடக்கி வைத்தாரா என்று. அப்பா அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மாவின் குரல் உயர்ந்தது.

"அட மனுசா. முருகனா ஒன்ன ஒண்ணுக்குப் போவாதன்னு சொன்னாரு?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டைல்ஸ் பதித்த நாளிலிருந்து அப்பா அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. முருகன் ஒரு டைல்ஸில்தான் இருந்தார். ஆனால் மற்ற சாமிகளும் சாமிகள்தானே என்று அவர் நினைத்திருக்கிறார். சாக்கடை வரை நடந்து போய்விட்டு வந்தால், கேட்டில் ஆள் இல்லை என்று சங்கச் செயலாளர் திட்டினார். அதனால் தண்ணீரைக் குறைத்தார், டீயை விட்டார், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அடக்கினார். அதன்மேல், சிறுநீர் வழியை இறுக்கிவிடும் அந்தச் சளி மாத்திரை. ஏற்கெனவே வீங்கியிருந்ததை இவை இரண்டும் சேர்ந்து அடைத்துவிட்டன என்று மருத்துவர் பிறகு விளக்கினார். இதையெல்லாம் நான் ஹிந்தியில் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை மூடி வைத்தார். தன் வீட்டுச் சுவரிலும் அதே மாதிரி டைல்ஸ் இருக்கிறது என்றார்.

மாத்திரை எழுதிக் கொடுத்து, சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை முயன்றார்கள். அப்போதும் போகவில்லை. இடையில் அந்த மாத்திரையின் விலையைக் கேட்டு அப்பா, "எத்தினி நாளைக்குப் போடணும்?" என்றார். ஆபரேஷன் இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க என்றேன். "அப்ப ஆயுசக் கொறச்சுக்கலாம்" என்றார். ஒரு மாதத்து மாத்திரை அவர் சம்பளத்தில் கால்வாசி. அவர் தமாஷாகத்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு மார்ச் மாதம் தேதி கிடைத்தது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுச் சதையைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிறைய இருந்தது. கழுவி விடுவதற்கான திரவப் பாட்டில்களும் மூன்று வாய் உள்ள குழாயும் வெளியில் வாங்கித் தர வேண்டும். இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். இவையெல்லாவற்றையும்விடப் பெரியது, பையைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் கேட்டில் நிற்க முடியாது, ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் ஓய்வு வேண்டும். அதுவரை சம்பளம் கிடையாது. செயலாளர் வேறு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா கேள்விப்பட்டு வந்தார். "வேல போயிட்டா ஆபரேசன் எதுக்கு, நான் இப்பிடியே இருந்துக்கறேன்" என்று அப்பா தேதிச் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். குளிர்காலத்தில் அவர்கள் புல்தரையில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கூட்டம் நடத்துவார்கள். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தொலியுமாகக் கிடந்தது. நான் யார் என்று சொன்னேன். அப்பாவுக்கு என்ன வந்திருக்கிறது, எப்படி வந்தது என்று நோயின் பெயரோடு ஹிந்தியில் சொன்னேன். ஆபரேஷன் முடியும்வரை சித்தப்பா கேட்டில் நிற்பார், வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், காவல்காரர் போக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டேன்.

செயலாளர், "பேட்டி, சௌகிதாருக்குத் தனி பாத்ரூம் கட்டினால் மெயின்டனன்ஸ் யார் கொடுப்பது?" என்றார். கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் அவருக்கு மெயின்டனன்ஸ்தான்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கூட்டம் என்றால் ஆளுக்கு ஆள் பேசுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். அன்று எல்லோரும் ஆரஞ்சை உரித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பெரியவர் எழுந்தார். கிட்வாய் நகர் அரசு ஊழியர் குடியிருப்பில் வெகு காலம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் இங்கே வீடு வாங்கி வந்தவர். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம் என்று ஹிந்தியில் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே டிரைவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் என்று வரைபடத்திலேயே ஒரு கழிப்பறை உண்டு. அதில்தான் தீபாவளி விளக்குச் சரமும் பேட்மின்டன் வலையும் கிடக்கின்றன என்றார்.

செயலாளர் சாவி எங்கே என்று கேட்டார். கேட்டறையில் தேடினால், அது அப்பாவின் சாவி வளையத்திலேயே இருந்தது. அத்தனை வருடமாக அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது பொருள் போடும் அறை என்று சொல்லப்பட்டதால், அப்பா அதைத் திறந்ததே இல்லை.

வேலையும் அப்பாவுக்கே என்று முடிவானது. நான் கிளம்பியபோது அந்தப் பெரியவர் படிக்கட்டுப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, அந்த டாக்டர் எந்தக் கிழமை இருக்கார்?"

திங்கட்கிழமை என்றேன்.

"எனக்கும் அதேதான். ரெண்டு வருஷமாச்சு. கவர்ன்மென்ட் டிஸ்பென்சரியில மாத்திரை ஓசியிலயே கொடுக்கறா. ஆனா அங்க கம்பௌண்டர் சத்தமாப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அதனால போறதில்லை. ஆத்துல யாருக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வலிக்குமான்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்றியா, ஆபரேஷன் ஆனப்புறம்?" என்றார்.

சரி என்றேன். அவரிடம் காசு இருந்தது, மருந்து இலவசமாக இருந்தது, வீட்டுக்குள்ளேயே இரண்டு கழிப்பறை இருந்தன. அப்பாவைப் போலவே அவரும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பொறாமை வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

ரத்தம் கொடுக்க முதலில் சந்தில் யாரும் முன்வரவில்லை. கொடுத்தால் மூட்டை தூக்கத் தெம்பு போய்விடும் என்று பயம். எடை பார்த்ததில் நான் மயிரிழையில் தேறினேன். படுத்துக் கையை நீட்டினேன். பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தவர் சித்தப்பா. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "உனக்கு வலிச்சுதா, பொய் சொல்லாதே" என்று கேட்டார். எறும்பு கடித்ததுபோல என்றேன். "டெல்லி எறும்பா, நம்ம ஊர் எறும்பா?" என்றார். நர்ஸ் எங்கள் இருவரையும் அதட்டினார்.

பாட்டில்களையும் குழாயையும் அம்மா வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் கொடுத்த முன்பணத்தில் வாங்கினோம். மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. ஆண்கள் வார்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பையில் இறங்கிய நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. முதலில் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், பிறகு வெளிறிய தண்ணீர். பக்கத்துக் கட்டில்காரர்களும் என்னிடம் தங்கள் பையைக் காட்டி, "பேட்டி, மேரா தேக்", என்னுடையதையும் பார், என்று கேட்க ஆரம்பித்தார்கள். குழாயை எடுத்த அன்று அப்பா கழிப்பறைக்குப் போய்விட்டுச் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். அம்மாவின் காதில் சொன்னார். அம்மா என்னிடம் வந்து, "குழாயத் தொறந்து விட்ட மாதிரி போவுதாம்" என்றார். எனக்கு அந்த வழியில் கேட்டதுதான் நிறைவாக இருந்தது.

அப்பா இப்போது மறுபடியும் கேட்டில் நிற்கிறார். டீயும் குடிக்கிறார். கிட்வாய் நகர்ப் பெரியவருக்கு அப்பா சொல்லியனுப்பிய பதிலை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்: வலி ஆபரேஷனில் இல்லை, அதற்கு முன்னால்தான். அவர் அடுத்த மாதமே தன் மகனைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

அந்த வருடம் நாங்கள் வைத்தியத்துக்கு என்று கொடுத்ததில் எவ்வளவு நோய்க்குப் போனது, எவ்வளவு ஒரு பூட்டிய கதவுக்குப் போனது என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நோய் வயதானால் வருவது. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் போவதற்கு ஓர் இடமும் சொல்வதற்கு ஓர் ஆளும் இருந்திருந்தால், என் அப்பா தண்ணீர் குடிக்கப் பயந்திருக்க மாட்டார். மாத்திரையின் விலையைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூச்சத்தின் விலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

போன வாரம் எங்கள் சந்தில் கொத்து வேலை செய்பவரின் மனைவி வந்து, "உங்கப்பாவுக்கு வந்த மாதிரி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அவரும் கணவரோடு சேர்ந்தே வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை விடுப்புக்காக ஞாயிற்றுக்கிழமையே அலுவலகம் போய் மறுநாளுக்கான முகவரிகளை ஏற்றி முடித்துவிட்டேன். மருத்துவமனையில் அவர்கள் இருவரையும் உள்ளே விடச் சம்மதமும் வாங்கிவிட்டேன்.